பானெட் திறந்த விவரம்

அடி அண்ணாமலை,
புதன்கிழமை, காலை.

மதிப்பும் பாசமும் மிக்க மாப்பிள்ளை அறிவுச்செல்வன் அவர்களுக்கு, மாமனார் ராஜமாணிக்கம் எழுதிக்கொள்வது. இங்கே நானும், தங்கள் அத்தை உண்ணாமலையும், நிறைமாதமாக இருக்கும் ரேவதியும் அண்ணாமலையார் புண்ணியத்தில் நலம். ஓசூரில் தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் காரும் பரிபூரண நலம்! அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள். கடிதம் என்றால் முடியும்வரை மைக் என் கையில். எழுதி முடித்ததும் அத்தை போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாள்.

"அவசரத்துக்கு வண்டி இங்கியே நிக்கட்டும் மாமா, பானெட்டை மட்டும் தொறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினீர்கள். திறந்துவிட்டேன். பிரசவ வலி எந்த நேரம் வரும் என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது, வந்தால் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக நாம் நம்பியிருப்பது இந்தக் கார் ஒன்றைத்தான், அந்தக் காருக்கு அடியில் போன வாரம் ஒரு சொம்பு தண்ணீர் தேங்கி நின்றால் நான் என்ன செய்வது? அடுத்த நாளும் அதே இடத்தில் அதே ஒரு சொம்பு! அப்போது ரேவதியும் அத்தையும் காருக்குள்தான் இருந்தார்கள். மே மாத வெயில் ஜாஸ்தி, நம் வீட்டில் ஏசி கிடையாது, அதனால் மதியம் ஒரு மணி நேரம் காரில் ஏசி போட்டுக்கொண்டு இருவரும் செல்போனில் சீரியல் பார்ப்பது வழக்கம். இந்த வண்டியையா நம்புவது?

ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று அன்றே முடிவு செய்தேன். முப்பது வருஷம் ரெவின்யூவில் இருந்தவன், ஒரு இடத்தைப் பார்த்தால் விவகாரம் தெரிந்துவிடும். பானெட்டைத் தூக்கி, மூடியைத் திறந்தால், உள்ளே தண்ணீர் பச்சைப் பசேல்! இத்தனை வருஷமாகக் கழுவாமல் பாசி பிடிக்க விட்டிருக்கிறீர்களே, இன்ஜினியரிங் படித்த பிள்ளை! போகட்டும், நான் கோபிக்கவில்லை. அந்தப் பச்சைத் தண்ணீர் முழுவதையும் வாளியில் பிடித்து வாழை மரத்துக்கு ஊற்றிவிட்டு, நம் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினேன். பால் வண்டி டிரைவர் ஒருவர், "ஒழுகலுக்கு ஒரு ஸ்பூன் மஞ்சத்தூள் போடுங்க சார், ஓட்டை தானா அடைச்சிக்கும்" என்றார். தலைப்பிரசவ விஷயம், கம்மியாகப் போட மனசு வரவில்லை, இரண்டு கைப்பிடி போட்டேன்.

அத்தையை ஏற்றிக்கொண்டு கிரிவலப் பாதையில் வெள்ளோட்டம் விட்டேன். மறுநாள் பௌர்ணமி, முதல் நாளே கூட்டம் சேர்ந்துவிட்டது, வண்டி நடந்துதான் போயிற்று. சூடு காட்டும் முள் ஏறுகிறது, ஏறுகிறது, சிவப்பைத் தொட்டதும் பானெட்டிலிருந்து புகை! ஓரம் கட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டு, ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திறந்தேன். ஊற்றத் தண்ணீர் இல்லை. எதிரே நீர்மோர்ப் பந்தல். மாப்பிள்ளை, சமயத்தில் எனக்கு மூளை எப்படி வேலை செய்தது பாருங்கள்! மனுஷன் உடம்புச் சூட்டையே தணிப்பது மோர், இரும்பு என்ன கணக்கு? மூன்று சொம்பு ஊற்றினேன். வண்டி உடனே கிளம்பிவிட்டது.

கொஞ்ச தூரம் போனதும் அத்தை மூக்கை உறிஞ்சினாள். "ஏங்க, மோர்க்கொழம்பு வாசனை வருதுங்க. தேங்கா அரச்சி ஊத்தறதுதான் பாக்கி."

ஆனாலும் வீடு வந்து சேர்ந்தோம்! மறுநாள் ஓஸ் பைப்பைப் போட்டு மஞ்சள் நிறம் போகும்வரை கழுவி, மறுபடி கிணற்றுத் தண்ணீர் நிரப்பினேன். இன்று காலை ஏசி இல்லாமல் பத்து நிமிஷம் ஓடவிட்டேன். முள் நட்ட நடுவில் நின்றது, தரையில் ஒரு சொட்டு இல்லை! துள்ளிக் குதித்தேன். ரேவதி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, செல்போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகவே, தாங்கள் பத்து நாள் லீவு போட்டு நாளையே வருவதாக ரேவதியிடம் சொன்னது அவசியமில்லை. குழந்தை பிறந்ததும் வந்தால் போதும். நான் இருக்கிறேன், கார் இருக்கிறது. தங்கள் பெற்றோருக்கு எங்கள் வணக்கம். தங்களுக்கும், வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் சின்னவருக்கும் அண்ணாமலையார் எல்லா நலமும் தரட்டும்.

இப்படிக்கு,
ராஜமாணிக்கம்,
வருவாய் ஆய்வாளர் (ஓய்வு), தற்சமயம் மெக்கானிக்.

பி.கு.: அத்தை போட்டோ எடுக்க வருவதற்குள் செங்கம் ரோடு மெக்கானிக் கண்ணாயிரம் வந்துவிட்டார். கூப்பிட்டது ரேவதி. நான் தண்ணீர் தேங்கிய இடத்தைக் காட்டினேன். "ஏசி போட்டா கீழ சொட்டத்தான் சார் செய்யும். ரேடியேட்டர் ஒழுகவே இல்லியே" என்றார். அப்படியானால் அந்தப் பாசி என்றேன். "அது பாசி இல்ல சார், கூலன்ட். இன்ஜின் சூடாவாம இருக்க ஊத்தறது. அத்த இன்னா பண்ணீங்க?" நான் வாழை மரத்தைப் பார்த்தேன். அது நேற்றிலிருந்தே தலை சாய்ந்து நிற்கிறது. பிறகு அவர் ரேடியேட்டருக்குள் கம்பியை விட்டார், மஞ்சளாகக் கட்டி கட்டியாக வந்தது. ரேடியேட்டரையே கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போய்விட்டார். சனிக்கிழமைதான் கிடைக்குமாம்.

ரேவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பயமா இருந்தா பயமா இருக்குதுன்னு சொல்லுப்பா. அதுக்கு எதுக்கு வண்டியப் போட்டுக் கழட்டற?" என்றாள்.

பயமாகத்தான் இருக்கிறது மாப்பிள்ளை. அவளுக்காக என்னால் செய்ய முடிந்தது இந்த வண்டி ஒன்றுதான் என்று நினைத்தேன். லீவு பற்றி மேலே எழுதியதை ரத்து செய்கிறேன். நாளை வரை வேண்டாம், இன்றைக்கே பஸ் ஏறி வாருங்கள். அதுவரைக்கும் வாசலில் ஒரு ஆட்டோ பேசி நிறுத்தியிருக்கிறோம். அதற்கு இன்ஜின் பின்னால் இருக்கிறதாம். நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.