உப்பு மலைமேல் ஒரு கரடி

தனியாக இருப்பவன் புதிதாக எதையும் யோசிக்கக் கூடாது. தடுக்க வீட்டில் ஆள் இருக்காது.

ஷார்ஜா வேலையை விட்டுவிட்டு மரக்காணம் திரும்பிய முதல் வருஷம். மகளின் படிப்புக்காக மனைவியும் அவளும் சென்னையில் இருந்தார்கள். நாள் முழுக்க நான் பேசுவது டீக்கடையில் "சர்க்கரை கம்மி" என்ற இரண்டு வார்த்தைதான்.

அப்போதுதான் யூடியூபில் பார்த்தேன். ஊமைப்படக் காலத்தில் தியேட்டர் வாசலையே கப்பலாகவும் காடாகவும் கட்டிவிடுவார்களாம். அதைப் பார்க்கவே கூட்டம் வருமாம். கூட்டம்! அந்த ஒரு சொல்லில் விழுந்தேன்.

பனிப்பிரதேச ஊமைப்படம் ஒன்றை இலவசமாகக் காட்டுவதென்று முடிவு. கல்யாண மண்டபத்துக்காரர் அந்தோணி அண்ணன் சாவி கொடுத்தார். வாசலில் பனிமலை வேண்டும். உப்பளத்து ஊரில் வெள்ளைக்கா பஞ்சம்? ஒரு டிராக்டர் உப்பைக் கொட்டினேன். உச்சியில் நிற்கக் கரடி வேண்டுமே? ஷார்ஜா கம்பளியைத் தைத்து மாட்டிக்கொண்டு நானே ஏறி நின்றேன். (முதுகில் பெரிய ரோஜாப்பூ. உலகத்தில் அப்படி ஒரு கரடி கிடையாது.)

"ஏம்பா பஷீரு, உள்ள வேகலயா?" என்றார் அண்ணன்.

"கூட்டம் வந்ததும் கழட்டிடறேண்ணே."

ஐந்து மணி. ஐந்தரை. ஒரு ஈ காக்கை இல்லை. அந்த வழியாகப் போன பஸ்ஸிலிருந்து ஒரு கை நீண்டது. இரண்டு கையையும் ஆட்டினேன். அது ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டது.

ஆறு மணிக்குக் கம்பளியில் கண்ணுக்கு வெட்டிய ஓட்டை மூக்குக்கு நழுவிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. கீழே காலடிச் சத்தம். நிறையப் பேர்!

"வாங்க, வாங்க! படம் ஃப்ரீதாங்க! முடிஞ்சதும் டீ இருக்குது!"

பதிலில்லை. (கூச்சம் என்று நினைத்தேன்.) அப்போது பாதத்தில் ஈரமாக, சொரசொரவென்று ஏதோ பட்டது.

"பஷீரு! அதுங்க மாடுப்பா!"

துள்ளினேன். மலை சரிந்தது. உருண்டுபோய் ஒரு பசுவின் முன்னால் விழுந்தேன். அது ரோஜாப்பூவை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி உப்பை நக்கப் போய்விட்டது. மாட்டுக்குக்கூட நான் வேண்டியிருக்கவில்லை.

அண்ணன் என்னைக் கம்பளியிலிருந்து உரித்தெடுத்தார். சிரிக்கவில்லை. "படத்தப் போடு. நான் பாக்கறேன்."

இருநூறு நாற்காலியில் இரண்டு பேர். பாதியில் கேட்டார்: "ஏம்பா, சத்தமே வர்லியே?"

"ஊமைப்படம்ணே."

"அப்ப நாம பேசலாம்ல?"

பேசினோம். படம் முடிந்தது தெரியாமல் பேசினோம்.

இதை மகளிடம் சொன்னதுதான் தப்பு. இன்றைக்கும் போன் செய்தால் முதல் கேள்வி, "அத்தா, இன்னிக்கு உங்களப் பாக்க வந்தது மனுஷங்களா, மாடா?"

எதிரே அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் "மாடுதாம்மா" என்றே சொல்கிறேன். அப்படிச் சொன்னால்தான் அவள் சிரிப்பாள். சிரித்து முடிக்கும்வரை போனை வைக்க மாட்டாள்.