மீன்தொட்டிக்குப் பன்னாடை வைச்ச கதை

அண்டைக்கு எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. மீன்தொட்டிக்குப் பஞ்சு மாத்திறது.

சனிக்கிழமை. என்ரை மனிசி திலகம் விடிய முதல் பஸ்ஸிலை யாழ்ப்பாணம் போட்டா. அவ ஊர்காவற்றுறையிலை விஞ்ஞான ரீச்சர். ரீச்சர்மாருக்கு ஏதோ கூட்டமாம். போகேக்கை வாசல்படலையிலை நிண்டு சொன்னவ:

"இஞ்சாருங்கோ, பழைய பஞ்சை எடுத்துப்போட்டு புதுப்பஞ்சிலை ஒரு பிடி வையுங்கோ. ஒரு பிடிதான். அமத்தாதேங்கோ. பேந்து மணித்தியாலத்துக்கு ஒருக்கா இருவது கிண்ணம் தண்ணி ஊத்துங்கோ. பின்னேரம் பெரிய ரீச்சர் தொட்டி பாக்க வாறா."

"ஓமோம், நான் என்ன சின்னப்பிள்ளையே?" எண்டனான்.

பஸ்ஸுக்கு நேரமாச்சு, இல்லாட்டி அதுக்கு மறுமொழி சொல்லியிருப்பா.

தொட்டியைப் பற்றிச் சொல்லவேணும். விறாந்தையிலை, பழைய கடை அலுமாரிக் கண்ணாடியை ஒட்டிச் செய்தது. முழுக்கக் கடல்தண்ணி. உள்ளுக்கை உயிருள்ள முருகைக்கல்லு, கறுப்பும் மஞ்சளுமாய் நாலு வண்ணாத்தி மீன், சங்குக்குள்ளை குடியிருக்கிற ஒரு நண்டு. எல்லாம் அனலைதீவுப் பக்கம் வலை போடுறவர் ஒருத்தர் கொண்டுவந்து குடுத்தது. நாங்கள் மீன், மச்சம் சாப்பிடாத ஆக்கள். ஊர் முழுக்க மீன் சட்டிக்குள்ளை கிடக்க, எங்கடை வீட்டிலை விறாந்தையிலை விருந்தாளியாய் இருந்துது.

தொட்டிக்கு மேலை ஒரு பால்மாத் தகரப்பேணி. அடியிலை ஆணியாலை குத்தின ஓட்டையள். உள்ளுக்குப் பஞ்சு. தொட்டித் தண்ணியை அள்ளிப் பேணிக்குள்ளை ஊத்தினால் ஊத்தை பஞ்சிலை தங்கும், தெளிஞ்ச தண்ணி கீழை ஒழுகும். கரண்டும் இல்லை, மெசினும் இல்லை. மெசின் நான்தான்.

இன்னுமொண்டும் சொல்லவேணும். வெக்கம்தான், எண்டாலும் சொல்லாமல் ஏலாது. நான் கள்ளை விட்டு அப்ப நாலு மாசம். அதுக்கு முந்தி நான் வேலை செய்யிற தபாற்கந்தோர் பூட்டினால் நேரை கள்ளுத் தவறணையிலைதான். திலகம் ஒருநாள், சத்தமும் போடாமல் அழவும் செய்யாமல், ஒரு கடுதாசியைக் காட்டினவ. யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு எழுதின விண்ணப்பம். கையெழுத்தும் வைச்சாச்சு.

"திகதி மட்டும்தான் போடேல்லை. இனி ஒருக்கா உங்களிலை கள்ளு மணந்தால் போடுவன்" எண்டு சொல்லி அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டினவ.

அண்டையோடை விட்டனான். சத்தியமாய் விட்டனான். அவ இல்லாத வீட்டிலை நான் ஆரோடை கொழுவிச் சண்டை பிடிச்சுக்கொண்டு இருக்கிறது?

சரி, பஞ்சுக்கு வருவம்.

பழைய பஞ்சை எடுத்து எறிஞ்சன். புதுச்சுருளைப் பாத்தன். ஒரு பிடி பஞ்சிலையே தண்ணி இப்பிடித் தெளியுதெண்டால், முழுச்சுருளையும் வைச்சால் எப்பிடித் தெளியும்! பெரிய ரீச்சர் அசந்து போவாவே! முழுக்கத் திணிச்சு, பெருவிரலாலை அமத்தி, தண்ணியை ஊத்தினன்.

ஒரு துளி இறங்கேல்லை. பேணி நிரம்பி விறாந்தையாலை ஓடிச்சுது.

பஞ்சைப் பிடிச்சு இழுத்தன். அது பிய்ஞ்சு பிய்ஞ்சு தொட்டிக்குள்ளை விழுந்துது. மீனுகள் புழுவெண்டு நினைச்சு ஓடி வந்துதுகள். பெரிய மீன் ஒண்டு பாதியை விழுங்கி, மிச்சப் பாதி தாடி மாதிரித் தொங்க, என்னைப் பாத்துது. மெல்லப் பிடிச்சு இழுத்து எடுத்துவிட்டன். ஆனால் பஞ்சு துலைஞ்சுது.

பாணுக்கும் சீனிக்குமே வரிசையிலை நிண்ட காலம் அது. வெளிநாட்டுச் சாமான் ஒண்டும் வராது. கடையளிலை பஞ்சு இல்லை. மருந்து குடுக்கிற இடத்திலை போய்க் கேட்டன்.

"ஆருக்குக் காயம்?" எண்டார் மருந்து கலக்கிறவர்.

"காயமில்லை, ஐயா. மீனுக்கு."

கண்ணாடியைக் கழட்டினார். "மீனுக்கு என்ன?"

"மீனுக்கு ஒண்டுமில்லை. அதின்ரை தண்ணிக்குத்தான்."

"அடுத்த ஆள் வாங்கோ" எண்டார்.

வீட்டை வந்து என்ரை தலகணியைக் கிழிச்சன். இலவம்பஞ்சும் பஞ்சுதானே? அதுக்குத் தண்ணியே பிடியாது! ரெண்டு கிண்ணம் ஊத்த, பொங்கின பால் மாதிரி மேலை எழும்பி, காத்திலை பறந்து, என்ரை தலையிலை வந்து குந்திச்சுது.

அடுத்தது வேட்டி. நாலு மடிப்பு மடிச்சு வைச்சன். சொட்டு... சொட்டு... ஒரு கிண்ணம் இறங்க அரை மணித்தியாலம். ஒரு மடிப்பாய் வைச்சன். ஊத்தை என்னை முந்திக்கொண்டு கீழை போச்சுது.

திலகம் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறது என்ரை காதிலை விழுந்திருக்கு. "வடிகட்டியின்ரை கண் சின்னனெண்டால் அடைக்கும். பெரிசெண்டால் ஊத்தை தப்பியோடும். நடுவிலை பாத்துத் தெரியவேணும்." நடுவிலை எண்டால் எது? அந்தப் பாடத்துக்கு நான் தவறணையிலை நிண்டிருப்பன்.

அந்த நேரம் பாத்து வேலிக்கு அங்காலை, பனையாலை இறங்கிக் கள்ளுமுட்டியோடை போறார் கந்தையா அண்ணை. முந்தி எனக்கு நாள் தவறாமல் கள்ளு வாத்த மனிசன். அவரின்ரை முட்டி வாயை மூடிக் கிடந்ததைக் கண்டதும் எனக்குப் பொறி தட்டிச்சுது.

பன்னாடை!

தென்னையிலை மட்டையின்ரை அடியைச் சுத்தியிருக்கிற நார்வலை. கள்ளு வடிக்கிறது அதிலைதான். தேனி, எறும்பு, வண்டு எல்லாம் மேலை நிக்கும். கள்ளு அடைக்காமல் கீழை இறங்கும். வடிக்கிற விசயத்திலை எனக்கு இருந்த படிப்பு அது ஒண்டுதான். அதை நான் நல்லாவே படிச்சிருந்தனான்.

"கந்தையா அண்ணை, பன்னாடை இருக்கோ?"

அவர் நிண்டு என்னை மேலும் கீழும் பாத்தார். "என்ன தம்பி, திரும்பத் தொடங்கியாச்சோ?"

"சீச்சீ! மீன்தொட்டிக்கு!"

"ஓ, மீன்தொட்டிக்கு" எண்டு தலையை ஆட்டினார். "போன மாசம் ஒருத்தர் ஆட்டுக்கெண்டு வந்து ஒரு போத்தல் வாங்கினவர்."

"மெய்யாய்த்தான் அண்ணை!"

"நான் இல்லையெண்டனே? இந்தாங்கோ, அஞ்சு இருக்கு, எல்லாம் கள்ளு ஊறினது. வடிவாய்க் கழுவிப்போட்டு வையுங்கோ."

கழுவினன். கிணத்தடியிலை கொண்டுபோய் ஒருக்கா உதறினன். அதைத்தான் கழுவினதெண்டு அப்ப நினைச்சனான்.

அஞ்சையும் ஒண்டுக்கு மேலை ஒண்டாய்ப் பேணிக்குள்ளை அடுக்கி ஊத்தினன். அடடா! தண்ணி சலசலவெண்டு இறங்கிச்சுது. ஊத்தை மேலை நிண்டுது. நான் கிண்ணத்தோடை நிண்டு எனக்கு நானே கை தட்டினன். இருவது கிண்ணம் எண்டு அவ சொன்னது. நான் அறுவது ஊத்தினன்.

மத்தியானம் சாப்பிட்டு ஒரு கண் அயர்ந்திட்டு வந்து பாத்தால், தண்ணி பாலும் தண்ணியுமாய்க் கிடக்குது. மேலை நுரை. ஒரு மணமும் வருது. முதல்லை எனக்கு ஞாபகத்திலைதான் மணக்குதெண்டு நினைச்சன். நாலு மாசமெல்லே! பேந்து குனிஞ்சு மணந்து பாத்தன்.

ஐயோ! கோதாரி! விறாந்தை முழுக்கக் கள்ளு!

மீனுகள் மேலை வந்து வாயைப் பிளக்குதுகள். ஒண்டு சரிஞ்சு நீந்துது. நண்டு சங்கை விட்டிட்டு வந்து சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு நடக்குது. அந்த நடை எனக்கு நல்லாத் தெரியும்.

பன்னாடையளைத் தூக்கி முத்தத்திலை எறிஞ்சன். ரெண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு ஓடினன். ஓடிவந்து, பழைய தண்ணியை இறக்க வேணுமெண்டு றபர் குழாயை உள்ளுக்கை விட்டு மற்ற நுனியை வாயிலை வைச்சு உறிஞ்சினன். வரேல்லை. காலமை பிய்ஞ்ச பஞ்சு குழாயிலை அடைச்சிருக்கு! இன்னும் இழுத்து உறிஞ்சினன். வந்துது. வாய் நிறைய வந்துது. உப்புக் கள்ளு.

துப்பினனான். முழுக்கத் துப்பினனான். இதைக் குறிச்சு வையுங்கோ.

அப்பதான் படலை கிறீச்செண்டுது.

திலகம். கையிலை பை. ரெண்டு அடி வைச்சவ, அப்பிடியே நிண்டிட்டா. மூக்கு மட்டும் ஒருக்கா அசைஞ்சுது.

"எத்தினை மணிக்குத் தொடங்கினீங்கள்?"

"காலமை பத்துக்கு. இல்லையப்பா! பஞ்சு! பஞ்சு மாத்தத் தொடங்கினது!"

"ஊதுங்கோ."

"திலகம், கேளுமன்..."

"ஊதுங்கோ எண்டனான்."

ஊதினன். வேறை என்ன செய்யிறது? அவ கண்ணை மூடித் திறந்தா.

"நாலு மாசம்" எண்டா. அவ்வளவுதான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பன். இடுப்பிலை இருந்த திறப்பை எடுத்துக்கொண்டு அலுமாரியைத் திறக்கத் திரும்பினா.

"நான் குடிக்கேல்லை, திலகம்! தொட்டிதான் குடிச்சது!"

உலகத்திலை ஒரு குடிகாரனும் இதைவிடக் கேவலமாய்ப் பொய் சொல்லியிருக்க மாட்டான். அது எனக்கே விளங்கிச்சுது.

அவ என்னைத் திரும்பிப் பாத்தா. நான் கை காட்டின பக்கம் தொட்டி. அந்த நேரம் பெரிய மீன் வயிறு வெள்ளையாய்த் தெரியப் பிரண்டுது.

"ஐயோ, என்ரை மீன்!"

பையையும் திறப்பையும் போட்டிட்டு ஓடி வந்தா. நாலு மீனையும் நண்டையும் அள்ளி, நான் கொண்டுவந்த நல்ல தண்ணி வாளிக்குள்ளை விட்டா. "தள்ளுங்கோ!" எண்டு என்னை இடிச்சுப்போட்டு, தொட்டியடியிலை குந்தி, குழாயை வாயிலை வைச்சு ஒரே இழுவையாய் உறிஞ்சினா.

கண் ரெண்டும் விரிஞ்சுது. துப்பினா. குழாயைப் பாத்தா, என்னைப் பாத்தா, முத்தத்திலை கிடந்த பன்னாடையளைப் பாத்தா.

"உதை ஆர் தொட்டிக்கு வைச்சது?"

"நான்."

"கழுவினீங்களோ?"

"உதறினனான்."

அவவின்ரை முகம் ஒரு மாதிரிக் கோணிச்சுது. பேயறைஞ்ச மாதிரி நான் நிக்கிறன். அவ சிரிக்கத் தொடங்கினா! குழாயைப் பிடிச்சபடி, நிலத்திலை இருந்து, கண்ணாலை தண்ணி ஓட ஓடச் சிரிச்சா. எனக்கும் கண்ணாலை தண்ணி வந்திட்டுது. சிரிப்பிலை இல்லை. நான் சொன்னதை அவ நம்பி எத்தினை காலம்!

திறப்பை எடுத்து இடுப்பிலை செருகினா. "போங்கோ, போய்த் தண்ணி கொண்டு வாங்கோ" எண்டா.

நான் கடலுக்கும் வீட்டுக்கும் ஓடினன். குழாய் பஞ்சாலை அடைக்க அடைக்க, அவ உறிஞ்சி உறிஞ்சித் துப்பினா. நாலாந்தரம் நான் வாளியோடை வரேக்கை மூண்டு மீன் வாளிக்குள்ளை நிமிர்ந்து நீந்திச்சுதுகள். பெரிய மீனும் செட்டையை ஆட்டத் தொடங்கிச்சுது.

அப்ப படலையிலை குடையோடை பெரிய ரீச்சர். பள்ளிக்கூடத்துக்கே அதிபர்.

திலகம் துள்ளி எழும்பினா. சீலை நனைஞ்சிருக்கு, கொண்டை அவிழ்ந்திருக்கு, கண் சிவந்திருக்கு, சிரிப்பு இன்னும் அடங்கேல்லை. "வாங்கோ ரீச்சர், வாங்கோ!" எண்டு கிட்டப் போனா.

பெரிய ரீச்சர் ரெண்டு அடி பின்னுக்கு வைச்சு, கைலேஞ்சியாலை மூக்கைப் பொத்தினா. வாளியோடை நேராய் நிக்கிற என்னைப் பாத்தா. தள்ளாடித் தள்ளாடிச் சிரிக்கிற திலகத்தைப் பாத்தா.

"திலகம், உம்மடை அவர் விட்டிட்டார் எண்டு கேட்டுச் சந்தோசப்பட்டனான். அவர் விட்டதை நீர் எடுத்துப்போட்டீர் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!"

"ஐயோ ரீச்சர், அது தொட்டித் தண்ணி!"

"மெய் ரீச்சர், தொட்டித் தண்ணிதான்" எண்டன் நானும்.

"பாவம் தம்பி நீர்" எண்டா பெரிய ரீச்சர். "அவவுக்காக நீர் பொய் சொல்ல வேண்டாம்."

அதுக்குப் பிறகு எங்கடை வீட்டிலை ஆரும் ஆரையும் ஊதச் சொல்லிக் கேட்டதில்லை.