முளைப்பாரி வைத்தியரின் கிடா

திருநெல்வேலிச் சீமையிலேயே பெரிய புளுகர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் முளைப்பாரி வைத்தியரைத்தான் சொல்வேன். அவருடைய சொந்தப் பெயர் பேட்டையில் ஒருவருக்கும் தெரியாது. பிள்ளையில்லாத தம்பதி வந்தால் இரண்டு சட்டியில் மண் போட்டுப் பாசிப்பயறு விதைப்பார். ஒன்றில் புருஷனுடைய காலைச் சிறுநீர், மற்றதில் பெண்சாதியுடையது. ஒன்பதாம் நாள் எந்தச் சட்டி முளைக்கவில்லையோ, அந்த ஆள் மேல் குறை. அதனால் வந்த பட்டம் அது.

இதிலும் ஊர் நியாயம் ஒன்று உண்டு. ஆண் சட்டி முளைக்காவிட்டால், "மண்ணு சரியில்லவே" என்பார்கள். பெண் சட்டி முளைக்காவிட்டால் அடுத்த முகூர்த்தத்தில் வீட்டுக்கு இன்னொருத்தி வந்துவிடுவாள்.

அவர் வளர்த்த ஆட்டுக்கிடா அவருக்கும் மேலே. வக்கீல் ஒருவரின் குடைத்துணியைத் தின்றது. ஒருநாள் பஞ்சாங்கத்தையே தின்றுவிட்டது. "இன்னைக்கு ராகுகாலம் கெடையாது, எல்லாரும் வாங்க" என்று வைத்தியர் தெருவில் நின்று கூப்பிட்டாராம்.

ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷம் என் மாமியார் என்னை அங்கே இழுத்துப் போனாள். எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு ஸ்ரீவைகுண்டத்தில் வேறு பெண் பார்த்தாயிற்று. சட்டி சொல்லிவிட்டால் தாம்பூலம் மாற்றவேண்டியதுதான் பாக்கி. அவரோ அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவர்.

"முளை மேல மாமியா நெழலு படப்பிடாது. மருமவ மட்டும் தெனமும் வந்து பாத்துட்டுப் போவணும்" என்றார் வைத்தியர்.

"இது என்னவே புதுச் சட்டம்?" என்றாள் மாமியார்.

"பட்டா கருகிரும். பொறவு எங்கிட்டக் கேக்கப்பிடாது."

மாமியார் தினமும் தெருவில் வெயிலில் காய்ந்தாள். உள்ளே வைத்தியர் சட்டிப் பக்கம் திரும்பவே இல்லை.

"மாசாமாசம் நாளு தப்பாம வருதா தாயி? அடிவயித்துல வலி உண்டா? மொதல்ல ஒண்ணு தங்குச்சா?"

மாமியார் எதிரே வாய் திறவாத நான் எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறு வயதில் எனக்கு ஒரு குழந்தை செத்துப் பிறந்தது. நஞ்சுக்கொடி விழவில்லை என்று மருத்துவச்சி கையை விட்டு எடுத்தாள். பிறகு இருபது நாள் குளிர்காய்ச்சல். அன்றுமுதல் மாதம் தவறாமல் வலி.

வைத்தியர் ஒருகாலத்தில் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர்.

"அந்தக் காய்ச்சல்தான் தாயி. உள்ள புண்ணாகி, கரு வார வழி ரெண்டும் ஒட்டியிருக்கும். கழுவாத கை செஞ்ச வேலை. உன் மேல ஒரு குத்தமும் இல்ல."

"மருந்து உண்டா ஐயா?"

"எங்கிட்டயும் இல்ல, ஆஸ்பத்திரிலயும் இல்ல."

"பொறவு எதுக்கு இந்தச் சட்டி?"

"சட்டி இல்லேன்னா உன் மாமியா உன்னத் தனியா விடுவாளா?"

அழுது தீர்த்தேன். கிடா அதற்குள் என் முந்தானையில் ஒரு முழத்தைத் தின்றிருந்தது.

எட்டாம் நாள் என் வீட்டுக்காரர் சட்டியில் சாண் உயரத்துக்குப் பச்சை. என்னுடையதில் வெறும் மண். என் வாழ்க்கை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் மாமியார் சிங்கம்போல உள்ளே நுழைந்தாள். இரண்டு சட்டியும் மொட்டை. பக்கத்தில் கிடா, தாடியில் நான்கு முளையோடு நின்றது.

"ஏ மூதி! ரெண்டையும் தின்னுட்டியே!" என்று வைத்தியர் தலையில் அடித்துக்கொண்டார். "இனி அடுத்த வளர்பிறைக்குத்தான் வெதைக்கணும்."

அடுத்த மாதமும் கிடா தின்றது. அதற்கடுத்த மாதமும் தின்றது. பிறகு ஆடி வந்தது. "சட்டி பேசுததுக்குள்ள எங்க புள்ள கெழவியாயிருவா" என்று ஸ்ரீவைகுண்டத்தார் ஆவணியில் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். மாமியாருக்கும் அலுத்துவிட்டது. நான் அந்த வீட்டிலேயே இருந்தேன். பிள்ளை மட்டும் கடைசிவரை இல்லை.

இரண்டு வருஷம் கழித்து வைத்தியர் செத்துப்போனார். எல்லோரும் அடித்து விரட்டிய கிடாவை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என்னைக் காப்பாற்றிய ஜீவன் அல்லவா? முதல் நாளே கூடை நிறைய முளைகட்டின பயறு வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாளும் அப்படியே. சட்டி வாடையில் வந்த வெறுப்போ என்னவோ, குடையும் பஞ்சாங்கமும் தின்ற அந்தக் கிடா, சாகும்வரை ஒரு முளையைத் தொடவில்லை.

மூன்று மாதமும் அந்த முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்து, ஆட்டின் தாடியில் நான்கைச் சொருகி வைத்தவர் யார் என்று அப்போதுதான் தெரிந்தது. தொழுவத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பெற்ற தகப்பன்கூட எனக்காக இத்தனை பொய் சொன்னதில்லை.