தேசிக்காய் சொன்ன இலக்கம்

உப்புவெளியில் ஒரு தேசிக்காய்க்கு, அதாவது எலுமிச்சங்காய்க்கு, அரசியல் தெரியும் என்று கேள்விப்பட்டதும் சனம் வரிசை கட்டிவிட்டது. நாடாளுமன்றத் தேர்தலுக்கு இன்னும் பத்து நாள். பித்தளைத் தட்டின் விளிம்பில் ஒன்று முதல் ஏழு வரை வேட்பாளர்களின் விருப்பு இலக்கங்கள். நடுவில் தேசிக்காயை வைத்துக் குறி சொல்லும் சாமி விரலால் சுண்டுவார். அது போய் நிற்கிற இலக்கத்துக்கே வாக்குப் போட வேண்டும். தெய்வத்தின் உத்தரவு.

சாமி பெரிய சமத்துவவாதி. செவ்வாய் இந்துக்களுக்குத் திருநீறு, வெள்ளி முஸ்லிம்களுக்குத் தொப்பி, ஞாயிறு கத்தோலிக்கருக்குச் சிலுவை என்று அணிந்து வருவார். காயும் அப்படியே: செவ்வாயில் இரண்டாம் இலக்க இந்து வேட்பாளர், வெள்ளியில் நான்காம் இலக்க முஸ்லிம், ஞாயிறில் ஆறாம் இலக்கக் கத்தோலிக்கர். அருள்வாக்கு மட்டும் மூன்று நாளும் ஒன்றுதான்.

"மற்ற ஆக்கள் உங்களை விழுங்கப் போறாங்கள். உங்கட ஆளை அனுப்புங்கோ."

ஊர்ப் பொடியன் தனஞ்சயனின் யூடியூப் சானல் மூன்றையும் நேரலையில் காட்டியது. மூன்று தலைப்பு, மூன்று வகைப் பயம். பார்வையாளர் கூடக் கூட அவனுக்குப் பக்தியும் கூடியது.

இதற்குள் சிவாஜினியின் மீன்பிடிப் படகு ஐந்து நாளாக மணலில் கிடந்தது. அவளிடம் தொழில் செய்யும் இராகுலனும் ஹஸ்மியும் எட்டு வருஷம் ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துத் தின்றவர்கள். இப்போது இராகுலன், "அவனோட கடலுக்குப் போக ஏலாது அக்கா. சாமி சொன்னதைக் கேட்டனீங்கள்தானே?" என்றான்.

சிவாஜினி மூன்று நேரலையையும் கைபேசியில் போட்டுப் பார்த்தாள். தட்டைத் திருப்பி வைத்ததால் இலக்கம் மாறினாலும் காய் ஒவ்வொரு முறையும் சாமியின் வலது கைப் பக்கமே ஓடியது.

அடுத்த செவ்வாய் இராகுலனையும் இழுத்துக்கொண்டு முன்வரிசையில் போய் இருந்தாள். கமரா ஓடியது. சாமி சுண்டப் போனார்.

"சாமி, தட்டை ஒருக்காத் திருப்பி வைக்கட்டோ?"

பதில் வருமுன்னே திருப்பிவிட்டாள். இரண்டு இருந்த இடத்துக்கு நான்கு வந்தது.

"தெய்வக் குத்தம், பிள்ளை."

"ஏன், தெய்வத்துக்கு இலக்கம் தெரியாதோ?"

சனம் சிரித்தது. நேரலையில் எழுந்து ஓடவா முடியும்? சாமி சுண்டினார். காய் பழகிய பக்கமே ஓடி நான்கில் நின்றது.

"தெய்வம் சொன்னாக் கேக்கத்தானே வேணும். எல்லாரும் முஸ்லிம் ஆளுக்கே போடுவம்," என்றாள் சிவாஜினி.

கூட்டம் கொதித்தது. இராகுலன் பாய்ந்து மேசை விரிப்பை இழுத்தான். அடியில் காந்தம். காயைப் பிளந்தான். உள்ளே ஆணி.

சிவாஜினி கமராவைப் பார்த்தாள். "ரெண்டு, நாலு, ஆறு மூண்டும் ஒரே கட்சிப் பட்டியல். ஆருக்கு விருப்பு வாக்குப் போட்டாலும் முதல் வாக்கு அந்தக் கட்சிக்குத்தான். எங்களைப் பிரிச்சவை தாங்கள் பிரியேல்லை."

நேரலை அறுந்தது. பின்னேரமே புதிய தலைப்பு வந்தது: 'போலிச் சாமியை அம்பலப்படுத்தியது எமது சானல்.'

இராகுலன் ஹஸ்மியின் வீட்டு வாசல் படலையில் போய் நின்றான்.

"நாளைக்குக் கடலுக்கு வாறியோ?"

"தேசிக்காயிட்டக் கேட்டியா?" என்றான் ஹஸ்மி. ஆனாலும் மறுநாள் படகைத் தள்ள வந்தான்.

தேசிக்காய்க்கு ஆணி அடித்தால்தான் இழுத்த பக்கம் போகும். நமக்கு ஆணிகூடத் தேவைப்படவில்லை. வாக்களிக்கப் போகும்போது அடையாள அட்டையோடு தலையையும் கொண்டு போங்கள்.