எங்கிருந்தாலும் உடனே வரவும்

திருச்சி மாவட்டத்திலேயே டாக்டர்கள் பயந்து நடந்த ஒரே ஆள் மைக்கம்மாதான். இன்கம்டாக்ஸுக்குப் பயப்படாதவர்கள், கட்டிய மனைவி போன் பண்ணினாலும் எடுக்காதவர்கள் எல்லாம், இந்த அம்மாள் மைக்கை ஒரு தட்டுத் தட்டினால் கார் நிறுத்துமிடத்திலிருந்து ஓடி வருவார்கள். ஒரு முறை இதய டாக்டர் அப்படி ஓடி வந்து மூச்சு வாங்கியதில் அவருக்கே ஈசிஜி எடுக்கலாமா என்று நர்ஸுகள் யோசித்தார்கள்.

காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மூன்று மாடி ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். மருத்துவமனை நிர்வாகம் படித்து முடித்த சூடு ஆறுவதற்குள் நான் அங்கே தர அதிகாரியாகச் சேர்ந்தேன். உலகத்தைத் திருத்திவிடுவது என்ற முடிவோடுதான் வையம்பட்டியிலிருந்து பஸ் ஏறியிருந்தேன். முதல் வேலையாக, 'நோயாளிகளின் உரிமைகள்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, லிஃப்ட் பக்கத்தில் மாட்டினேன். வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று தலைவாரிக்கொண்டார்கள். ஆதியோடந்தமாகப் படித்தவர் ஒரே ஒருவர்தான்.

"நல்லா இருக்கு பாப்பா. உண்மை தெரிஞ்சுக்கிற உரிமைன்னு போட்டிருக்கே, அதை யாரு சொல்லுவாங்க?" என்று கேட்டார் மைக்கம்மா.

"ஆஸ்பத்திரி சொல்லும்மா."

"ஆஸ்பத்திரிக்கு வாய் எங்க இருக்கு? மைக் என்கிட்டல்ல இருக்கு."

ஸ்ரீரங்கத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். மாத்திரை அட்டை மாதிரிக் கட்டம் போட்ட சேலைகள்தான் கட்டுவார். ரிசப்ஷனில் உட்கார்ந்து மைக்கில் கூப்பிடுவது அவர் வேலை. அதற்கு முன்னால் வருஷா வருஷம் சித்திரைத் தேருக்குக் கூடும் கூட்டத்தில், போலீஸ் பந்தலில் உட்கார்ந்து, தொலைந்துபோனவர்களை மைக்கில் தேடியவர். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் அந்தப் பந்தலை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. அதுதான் விஷயமே.

எலும்பு டாக்டர் வர நேரமானால் மற்ற ஆஸ்பத்திரிகளில் 'டாக்டர் வந்துகொண்டே இருக்கிறார்' என்பார்கள். மைக்கம்மா மைக்கைத் தட்டி, தொண்டையைச் செருமி, நிறுத்தி நிதானமாகச் சொல்வார்:

"அன்பார்ந்த பொதுமக்களே. ஐம்பது வயது மதிக்கத்தக்க, மாநிறமான, நீலக் கட்டம் போட்ட சட்டை அணிந்த எலும்பு டாக்டரைக் காலையிலிருந்து காணவில்லை. அவரை நம்பி வந்தவர்கள் மூன்றாம் எண் அறை வாசலில் தவித்துக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர் எங்கிருந்தாலும் உடனே வரவும்."

அன்று டாக்டர் கேன்டீனிலிருந்து கையில் பாதி வடையோடு வந்தார்.

"ஏம்மா, என்னைத் திருவிழாவுல தொலைஞ்ச குழந்தை மாதிரி கூப்பிடுறீங்களே, மானம் போகுது."

"நீங்க தொலையாம இருங்க சார், நான் எதுக்குக் கூப்பிடப் போறேன்?"

ஒருநாள் ஒரு எக்ஸ்ரேயைக் காணோம். நோயாளியிடம் இன்னொரு தடவை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று உள்ளே முடிவாகிக்கொண்டிருந்தது. அதற்குள் மைக் பேசிவிட்டது: "பழுப்பு நிற உறையில், உடைந்த இடது கை ஒன்று தவறிவிட்டது. கண்டெடுத்தவர்கள் ஒப்படைத்தால் எந்தக் கேள்வியும் கேட்கப்பட மாட்டாது." கேன்டீன் மாஸ்டர் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். யாரோ அதன் மேல் காபி டம்ளர் வைத்திருந்தார்கள். இன்னொரு நாள் ஸ்கேன் மெஷின் மக்கர் செய்தது. 'கொஞ்ச நேரம் ஆகும்' என்று சொல்லச் சொன்னார்கள். மைக்கம்மா சொன்னது: "மெஷின் நேற்றே பழுது. இன்று சரியாகாது. வெறும் வயிற்றோடு வந்தவர்கள் சாப்பிடலாம். உட்கார வைத்ததற்கு வருந்துகிறோம்." கைதட்டல் கேட்ட ஒரே வெயிட்டிங் ஹால் உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும்.

அவரிடம் தேர்க்கூட்டச் சட்டங்கள் இரண்டு இருந்தன. ஒன்று, ஒருவரைக் கூப்பிட்டால் பெயர், அப்பா பெயர், ஊர், உடுப்பு நான்கையும் சொல்ல வேண்டும். "ஸ்ரீரங்கத்துல வெறும் ரெங்கான்னு கூப்பிட்டுப் பாரு, பாதி ஊரு திரும்பும்" என்பார். இன்னொன்று, தேடுகிறவர்கள் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. "ரெண்டு பேரும் அலைஞ்சா ஆரும் ஆரையும் பார்க்க முடியாது பாப்பா. தேடுறவங்க நிக்கணும்."

ஒரு முறை தேரில் மொட்டை மாறிவிட்ட கதையையும் சொல்லியிருக்கிறார். இரண்டு பிள்ளைகள், இரண்டுக்கும் மொட்டை, சந்தனம், மஞ்சள் சட்டை. இவர் ஒரு தாயிடம் வேறொரு தாயின் பிள்ளையை ஒப்படைத்துவிட்டார். "போலீஸ்காரங்க மெதுவா தேடிக்கலாம், சத்தம் போடாதீங்கன்னாங்க. நான் அதே மைக்குல சொல்லிட்டேன், தப்பு என்னுதுதான், புள்ளையைப் பார்த்து வாங்குங்கன்னு. உடனே வந்துருச்சு. வெக்கப்பட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தா அந்தப் புள்ள எந்த ஊருக்கு பஸ் ஏறியிருக்குமோ."

அப்புறம் சென்னையிலிருந்து புது மேனேஜர் வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் வாரத்துக்கு இரண்டு தடவை 'இமேஜ்' என்று சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஆஸ்பத்திரி மைக் ஏர்போர்ட் மாதிரி இருக்க வேண்டும் என்றார்.

"இனிமே பேர், எங்க வரணும். அவ்வளவுதான். ஊரு, சட்டை, அப்பா எல்லாம் வேண்டாம்."

"சார், அப்பா இல்லாம எப்படி சார்?"

"மேடம், ப்ளீஸ்."

மைக்கம்மா கீழ்ப்படிந்தார். எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாத இடம் இதுதான். ஆயுளில் ஒரே ஒரு தடவை சொன்னபடி கேட்டார்.

இரண்டாம் மாடி ஆண்கள் வார்டில் அப்போது இரண்டு ரெங்கசாமிகள். ஒருவர் சமயபுரம். இன்னொருவர் திருவெள்ளறை, காலில் புண்ணோடு வந்த விவசாயி. சமயபுரத்தாருக்கு ஓர் ஊசி போட வேண்டும். மைக் கூப்பிட்டது: "ரெங்கசாமி, ஊசி அறைக்கு." திருவெள்ளறைக்காரர் மரியாதைக்காரர். கூப்பிட்டால் காக்க வைக்கக் கூடாது என்று நொண்டிக்கொண்டே முந்திப் போய்விட்டார். அவசரத்தில் இருந்த நர்ஸ், "ரெங்கசாமிதானே?" என்று கேட்டார். "ஆமாங்க." கையில் கட்டியிருந்த பெயர்ப் பட்டையை யாரும் பார்க்கவில்லை. ஊசி இறங்கியது. திரும்பி வரும்போது வராந்தாவிலேயே உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி விழுந்தார். அதே மாடியில் இருந்த தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

உள்ளே நெறிமுறைக் குழு கூடியது. குறிப்பெடுக்க நான். என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். பேச்சு முழுக்க அதை என்னவென்று சொல்வது என்பதைப் பற்றித்தான். கடைசியில் யாரோ கண்டுபிடித்தார்கள்: திருவெள்ளறைக்காரரின் மனைவி காலையில் வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருக்கிறார். 'வெளி உணவால் ஒவ்வாமை.'

"சார், உண்மையைச் சொல்லணும்னு நாமளே மாட்டியிருக்கோமே, லிஃப்ட் பக்கத்துல" என்றேன்.

"மாட்டினதை யாரும்மா வேண்டாம்னு சொன்னா? எல்லாருக்கும் காபி சொல்லுங்க" என்றார் பெரிய டாக்டர்.

மறுநாள் காலை 'வெளி உணவுக்கு அனுமதி இல்லை' என்ற பலகை வந்தது, நான் மாட்டிய கண்ணாடிச் சட்டத்துக்கு நேர் கீழே.

ரெங்கசாமியின் மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், கழுவிய தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. வருகிற போகிற எல்லோரிடமும் அதையே சொன்னார். "வாய்க்கு வெளங்கலைன்னு கேட்டாருங்க. ஆசையா கேட்டாரேன்னு வச்சுக் கொண்டாந்தேன். எங்கையாலேயே குடுத்துட்டனே." மகன் வந்து, "ஒனக்கு யாரும்மா குழம்பு கொண்டாரச் சொன்னா?" என்று கத்திவிட்டுப் போனான்.

மைக்கம்மா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போது அங்கே சற்று நின்றார். தூக்குவாளியைப் பார்த்தார். என்னிடம் வந்தார்.

"குழம்புன்னா சொல்லிட்டாங்க?"

"ஆமாம்மா. உங்க பேரு எங்கேயும் வரலை. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"எனக்கு என்ன ஆனா என்ன பாப்பா. அந்தப் பொம்பளை இனிமே அடுப்பு பத்த வைப்பாளா?"

சாப்பிடப் போகாமல் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மைக்கைத் தட்டினார். செருமினார்.

"அன்பார்ந்த பொதுமக்களே. பச்சைச் சேலை அணிந்து, கையில் தூக்குவாளியோடு இரண்டாம் மாடியில் உட்கார்ந்திருக்கும் திருவெள்ளறை அம்மாவுக்கு ஓர் அறிவிப்பு. உங்கள் வீட்டுக்காரருக்கு ஆனது உங்கள் குழம்பால் அல்ல. வேறொரு ரெங்கசாமிக்குப் போட வேண்டிய ஊசி அவருக்குப் போடப்பட்டுவிட்டது. அரைகுறையாகப் பெயரைக் கூப்பிட்டது நான். சரிபார்க்காமல் போட்டது இந்த ஆஸ்பத்திரி. மறைத்ததும் நாங்கள்தான். அம்மா, உங்கள் கையில் தப்பில்லை. வருந்துகிறோம்."

மேனேஜர் படியில் உருண்டு வராத குறை. "யாரைக் கேட்டு இதைச் சொன்னீங்க? நாங்க எவ்வளவு கஷ்டப்பட்டு மறைச்சு வச்சிருக்கோம், வெளிய தெரிஞ்சா ஆஸ்பத்திரி என்ன ஆகும்?"

"சார், மைக் இன்னும் ஆன்ல இருக்கு" என்றார் மைக்கம்மா.

மூன்று மாடியும் கேட்டது. நான் இரண்டாம் மாடிக்கு ஓடினேன். அந்த அம்மாள் எழுந்து நின்று, கூரையில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப எங்குழம்பு இல்லையா? இன்னொருக்கா சொல்லுங்க. எங்குழம்பு இல்லைதானே?" நான் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன்.

சாயங்காலம் பெரிய டாக்டரே அந்த அம்மாளிடம் வந்து நின்றார். மன்னிப்பு என்கிற வார்த்தை அவர் வாயில் பாதி வரை வந்து நின்றுவிட்டது. பாக்கிக்கு ஆப்பிள் வந்தது. ரெங்கசாமி பிழைத்து வீட்டுக்குப் போனார். வெளி உணவுப் பலகையை இரவோடிரவாகக் கழற்றிவிட்டார்கள். கையில் பட்டையைப் பார்க்காமல் இனி ஊசி கிடையாது என்று உத்தரவும் வந்தது. அதுவரை நான் போட்ட எந்த மெயிலுக்கும் கிடைக்காத மரியாதை.

மைக்கம்மா மறுநாள் வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மைக்கையும் கழற்றிவிட்டு டிவி மாதிரி ஒன்றை மாட்டினார்கள். அதில் எண் மாறும், டிங் என்று ஒரு சத்தம் வரும். எலும்பு டாக்டர் இப்போது எத்தனை வடை வேண்டுமானாலும் நிம்மதியாகச் சாப்பிடலாம். ஆனால் ஒருநாள் என்னைப் பார்த்து அவரே சொன்னார், "யாரும் தேடலைன்னா வரவே தோண மாட்டேங்குது."

கொஞ்ச நாள் கழித்து திருவெள்ளறை அம்மா வந்தார். தூக்குவாளி நிறையக் குழம்பு. மைக்கில் பேசிய அம்மாவுக்குக் கொடுக்க வேண்டுமாம்.

"அவங்க இப்ப இங்க இல்லைங்கம்மா."

"வீடு எங்க? பேரு என்ன? நான் போய்க் குடுத்துக்கிறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மைக்கம்மா சேலையில் குத்தியிருந்த பெயர் வில்லையில் 'மேரி' என்று இருக்கும். அது அவருக்கு முன்னால் வேலை பார்த்தவருடையது. புதுசு வந்ததும் தருகிறோம் என்றார்கள், வரவேயில்லை. ரிசப்ஷனில் கேட்டேன், நர்ஸுகளிடம் கேட்டேன். எல்லோரும் மைக்கம்மா, மைக்கம்மா என்றார்கள். ஆள் அனுப்பிய ஏஜென்ஸியும் மாறிவிட்டிருந்தது. எல்லோருடைய அப்பா பெயர் வரைக்கும் கேட்டுக் கூப்பிட்டவரை, நாங்கள் ஒருவரும் பெயர் கேட்கவில்லை.

இந்த வருஷம் சித்திரைத் தேருக்குப் போனேன். நானும் இப்போது அந்த வேலையில் இல்லை. போலீஸ் பந்தலில் மைக் முன்னால் ஒரு இளைஞர் உட்கார்ந்திருந்தார்.

"ஒருத்தரைத் தேடணுங்க."

"சொல்லுங்க. பேரு?"

"தெரியாது."

"அப்பா பேரு? ஊரு?"

"ஊரு ஸ்ரீரங்கந்தான். தெரு தெரியாது."

"அக்கா, இவ்வளவு கூட்டத்துல எதை வச்சுக் கூப்பிடுறது?"

"நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க."

ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் சொன்னார். "ஐம்பது வயதைத் தாண்டிய, கட்டம் போட்ட சேலை அணிந்த, உண்மையைத் தவிர வேறு எதையும் சத்தமாகச் சொல்லத் தெரியாத மைக்கம்மாவைக் காணவில்லை. எங்கிருந்தாலும் உடனே வரவும். குழம்பு காத்திருக்கிறது."

கூட்டம் தேருக்குப் பின்னால் நகர்ந்தது. பந்தலில் இருந்தவர்கள், வெயில் ஏறுகிறது, நிழலுக்குப் போங்கள் என்றார்கள். தேடுகிறவர்கள் நகரக் கூடாது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.