சம்சயத்தின் முதல் வரி

திருவனந்தபுரத்தில் என் நண்பரைப்போல் ஒரே நாவலை இத்தனை முறை தொடங்கியவர் வேறு யாரும் கிடையாது. சத்தியம் செய்யவும் தயார். எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சம்சயம். சந்தேகத்தை மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். கோப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அது தன் கையெழுத்துதானா என்று பக்கத்து மேஜையில் கேட்கிற மனிதர்.

ஓய்வு பெற்றதும் நாவல் எழுத உட்கார்ந்தார். தன்னை வளர்த்த அக்காவின் கதை. அக்காவுக்கு மறதி ஆரம்பித்திருந்தது. அவளுக்குப் புரிகிறபோதே வாசித்துக் காட்டிவிட வேண்டும் என்ற பதைப்பு அவருக்கு. ஆனால் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்தவர். எந்தச் சொல் எந்த மொழி என்று தெரியாமல் தவித்தார். நான் தமிழ் எம்.ஏ. அதனால் தினமும் காலையில், நான் பல் தேய்க்கும் முன்பே போன் வரும்.

“அண்ணா, ஒரு சம்சயம். முதல் வரி கேளுங்கோ. ‘அக்கா பைய வந்து தூணைப் பிடித்துக்கொண்டு கரைந்தாள்.’ ஓகே அல்லே?”

“கரைஞ்சாளா? உம்ம அக்கா என்ன சர்க்கரைக் கட்டியா, ஓய்? அழறதைக் கரையறதுன்னு மலையாளிதான் சொல்லுவான்.”

“ஐயோ! மெட்ராஸ்காரன் வாசிச்சா முதல் வரியிலேயே கதாநாயகி காலியா?” மறுமுனையில் மூச்சு வாங்கியது. “அப்போ ‘பைய’?”

“அதுவும் மலையாளம். அடியும்.”

மெதுவாக என்ற பொருளில் ‘பைய’ நல்ல பழந்தமிழ். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். வாலிபத்திலிருந்து நாவல் எழுதப்போவதாகச் சொல்லித் திரிந்தவன் நான். ஒரு வரி எழுதியதில்லை. இவர் எழுதிவிடுவாரோ என்று பயம். மாதக்கணக்கில் இப்படிச் சொல் சொல்லாக அடிக்கவைத்தேன்.

ஆனாலும் ‘பைய’வை விட அவருக்கு மனமில்லை. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவரை மறித்தார்.

“சார், உங்க ஊர்ல பைய உண்டா? பைய?”

அந்த மனிதர் தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். “இதுல துணிதான் கெடக்கு! நீரு ஆரு, போலீசா?”

“பை இல்லே சார், பைய! பைய!”

ஆட்டோக்காரர்கள் கூடிவிட்டார்கள். கூட்டத்தைக் கண்டதும் சம்சயத்துக்கு நாக்கு குழறியது.

“எதுக்குக் கெடந்து பதறுகேரு? பைய சொல்லும்வே!” என்றார் அந்த மனிதர்.

சம்சயம் அவரைக் கட்டிக்கொண்டார். அவர் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாராம்.

அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அப்போதாவது ஒப்புக்கொண்டிருக்கலாம். “அது பேச்சு, ஓய். எழுத்துக்கு ஆகாது” என்றேன்.

அதோடு போன் நின்றது. சில நாள் நிம்மதியாகப் பல் தேய்த்தேன். பிறகு அந்த அமைதி உறுத்தியது. அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அக்கா.

“நீங்க ஆரு? அவன் வாயே திறக்க மாட்டேங்கறான். தாகம்னா பானையைக் காட்டறான்.”

உண்மைதான். ‘வெள்ளம்’ மலையாளம், ‘ஜலம்’ சமஸ்கிருதம், ‘தண்ணி’ கொச்சை என்று பயந்துபோய்ச் சைகைக்கு மாறியிருந்தார். கம்ப்யூட்டர் திரை வெறுமையாக இருந்தது.

“ஓய், நான் சொன்னது பொய். ‘பைய’ தமிழ்தான். பொறாமையில சொன்னேன். கரையறது உங்காத்துப் பேச்சுன்னா அதுவும் இருக்கட்டும்.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். “அப்போ அடிச்சதையெல்லாம் திருப்பிப் போடலாமா, அண்ணா?” என்று மட்டும் கேட்டார்.

போட்டார். அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் பக்கத்தை வாசித்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பாவம். ஆருடா அந்தக் குட்டி?”

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. சில மாதங்களுக்கு முன் வாசித்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். அந்த மாதங்களைத் தின்றவன் நான்.

“சொல்லுடா. அப்பறம் அவளுக்கு என்னாச்சு?”

சம்சயம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“எழுதும், ஓய்” என்றேன். “எனக்கும் தெரியணும்.”