பொத்தான் அண்ணன் காலில் இருந்தது

என்னிடம் ஒரு குறை உண்டு. நாலு பேர் முன்னால் வாய் திறந்துவிட்டால், தப்பு நடந்தாலும் எனக்கு நிறுத்தத் தெரியாது. நிறுத்தினால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்களே! (நிறுத்தாவிட்டாலும் பார்ப்பார்கள். அது எனக்குத் தோன்றியதே இல்லை.) இந்தக் கூச்சத்தால், என் சொந்த அண்ணனை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடக்கம் செய்திருக்கிறேன்.

அண்ணன் பெயர் அருள். பிரிஞ்சாங் மலைத் தோட்டங்களிலிருந்து காய்கறி லோரி ஓட்டியவர். அண்ணி முன்பே தவறிவிட்டார். அதன் பிறகு அண்ணனுக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் வந்தது. முதலில் கை, பிறகு கால், அப்புறம் குரலும் மெலிந்தது. இடது காலின் கட்டைவிரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது.

படுக்கையில் அவருக்கு ஒரே ஆறுதல் துப்பறியும் கதைகள். பக்கம் புரட்ட நான் உட்காருவேன். தேயிலை ஃபேக்டரியில் வேலை முடித்து வந்த அசதியில் தூங்கிவிடுவேன், அதுவும் சரியாகக் கொலைகாரன் மாட்டும் இடத்தில். என்னை உலுக்க அவருக்குக் கை எழாது, எழுப்பும் அளவுக்குக் குரலும் இல்லை. (பாவம், நான் விழிக்கும்வரை கொலைகாரனோடு காத்திருப்பார்.)

கோலாலம்பூரில் வேலை செய்யும் அவர் மகள் ஒரு மின்னூல் பலகையும் பக்கம் திருப்பும் ரிமோட்டும் வாங்கி அனுப்பினாள். திரையின் ஓரத்தில் ஒரு கிளிப், கட்டைவிரலின் அடியில் ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் கிளிப் திரையைத் தட்டும், பக்கம் திரும்பும். அன்று ஒரு கதையைத் தானே முடித்துவிட்டு, "நீ போய்ப் படுடா" என்றார் அண்ணன். முகத்தில் அசல் துரையின் மிடுக்கு.

அப்போதுதான் ஈப்போவிலிருந்து எங்கள் மூத்தவள் ரோஸி அக்கா வந்தாள். அண்ணனை அங்கே ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது என்பது அவள் முடிவு. கட்டிலுக்கு மேலேயே பேசினாள்.

"நீ வேலைக்குப் போயிட்டா யாருடா பாக்குறது? அவனுக்கு எங்க இருந்தா என்னா? மரக்கட்ட மாதிரி கெடக்கான் லா."

"நா போகல," என்றார் அண்ணன். அக்காவின் பேச்சில் அது காணாமல் போனது.

கூட்டிப்போவதற்கு முன் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தாள். எங்கள் தோட்டத்து லயத்தில் வீட்டு ஜெபம் என்றால், வீட்டு ஆள்தான் சாட்சிக் கதை வாசிக்க வேண்டும். வாசிப்பவர் மூச்சுவிட நிறுத்தும்போதெல்லாம் கூட்டம் "ஸ்தோத்திரம்!" சொல்ல வேண்டும். டாக்டர்கள் கைவிட்ட ஒருவர் ஜெபத்தால் எழுந்து நடந்து, பேரன் பேத்தி பார்த்து, முதுமையில் இறந்த கதையைப் பாஸ்டர் கொடுத்திருந்தார். என் கண்ணுக்குச் சின்ன எழுத்து தெரியாது. அண்ணன் மகள் அதைப் பலகைக்கு அனுப்பி, எழுத்தைப் பெரிதாக்கும் வழியும் சொல்லித்தந்தாள். கிளிப்பைக் கழற்ற எனக்குத் தோன்றவில்லை. பொத்தான் அண்ணனின் போர்வைக்குள், விரலடியிலேயே இருந்தது.

வீடு நிறைய ஆட்கள். பலகையைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினேன்.

"டாக்டர்கள் கைவிட்டார்கள்."

"ஸ்தோத்திரம்!"

"குடும்பத்தார் கண்ணீரோடு முழங்காலிட்டு..."

டக். டக். டக். பக்கங்கள் பறந்தன. நின்ற இடத்திலிருந்து வாசித்தேன்.

"...பெட்டியைக் குழியில் இறக்கினார்கள்."

"ஸ்தோத்திரம்!" பழக்கதோஷம். பாஸ்டர் குரலும் சேர்ந்து கேட்டது.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். "பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள்" என்று தொடர்ந்தேன். இந்த முறை பாதிப் பேர்தான் சொன்னார்கள்.

"டேய் சாமு!" அக்கா அலறினாள். "உசுரோட இருக்குறவன பொதச்சிட்டியேடா! எழுந்து நடந்தது எங்கடா?"

"இதுல இப்படித்தான்கா இருக்கு," என்றேன்.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூச்சுத் திணறுகிறதென்று அக்கா ஓடினாள். அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். வீடே அடங்கிப்போனதால், அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"எழுந்து நடந்தத நான்தான் தள்ளிவிட்டேன். நடக்காதத எதுக்குப் படிக்கணும்?" மூச்சு வாங்கினார். "சாவேன்கா. இங்கதான் சாவேன். ஈப்போவுல இல்ல."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அக்கா போர்வையை விலக்கி அந்தக் கட்டைவிரலை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "மரக்கட்டைக்குக் கொழுப்பப் பாரேன்," என்றாள். பகலில் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு மேரியை ஏற்பாடு செய்துவிட்டு, தனியாகவே பஸ் ஏறினாள்.

அண்ணன் இந்த வீட்டிலேயே இறந்தார். கட்டைவிரல் அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டது. கடைசிக் கதையை நான் தூங்காமல் புரட்டினேன்.

இன்றும் கல்யாண வீட்டில் யாராவது நீட்டிப் பேசினால், அக்கா பிள்ளைகள் கால் கட்டைவிரலால் தரையை அழுத்துகிறார்கள். எனக்குத் தண்டனை வேறு. "சாமுவக் கூப்புடு, சீக்கிரம் முடிப்பான்" என்று லயத்தில் எந்த ஜெபத்துக்கும் என்னையே வாசிக்க வைக்கிறார்கள். அண்ணன் அடக்கத்தன்றும் நான்தான் வாசித்தேன். ஒரு பக்கமும் தாண்டவில்லை. ரொம்ப நீளமாக இருந்தது.